முதலாளி லீவு எடுத்தால் கடை என்ன ஆகும்?

"நான் ஒரு நாள் இல்லாவிட்டாலும் கடை ஓடாது." புறக்கோட்டை கீசர் வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் இதைச் சொல்லாத முதலாளிமார் குறைவு. வெள்ளவத்தை வீடுகளில் இதையே அம்மாமார் சொல்வார்கள், அலுவலகங்களில் கணக்குப் பகுதிப் பொறுப்பாளர் சொல்வார். சலிப்புப் போலத் தோன்றினாலும் உள்ளே கொஞ்சம் பெருமையும் இருக்கும். அவர் வராத நாளில் உண்மையில் எது நின்றுபோகிறது என்று கவனித்தால், துணி வெட்டுவதும் பில் போடுவதும் வழக்கம்போல் நடப்பது தெரியும். சாயம் போனதென்று திருப்பிக் கொண்டுவந்த சீலையை ஏற்பதா, பழைய வாடிக்கையாளருக்கு எவ்வளவு கழிவு, லொறிக்காரர் கேட்கும் மேலதிகக் கூலியைக் கொடுப்பதா என்பவைதான் நிற்கின்றன. வேலை தெரிந்த பொடியன்கள் கையைக் கட்டிக்கொண்டு முதலாளியின் போனுக்குக் காத்திருப்பார்கள்.

நிற்பவை எல்லாம் முடிவுகள். ஒரு தடவை யோசித்து, இன்னது வரை கொடுக்கலாம் என்று எழுதி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயத்தை, எழுதாமல் விட்டதால் ஒவ்வொரு நாளும் நேரில் நின்று காவல் காக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் தன் கையில் பிடித்து வைத்திருப்பவர் நிறைய முடிவெடுப்பவர்போலத் தெரிவார். கிட்டப் போய்ப் பார்த்தால், ஒரே சிறிய முடிவை நூறு தடவை எடுத்துக்கொண்டிருப்பார். ஓய்வும் இங்கேதான் உள்ளே வருகிறது. எந்த முடிவு இன்னும் எழுதப்படவில்லை என்பது நீங்கள் கடையில் நிற்கும்வரை தெரியாது. லீவு எடுக்கும் நாளில்தான் அது வெளியே வரும். அதனால் முடிவெடுப்பதையும் ஓய்வெடுப்பதையும் தனித்தனியே பழகினால் இரண்டும் பாதியில் நின்றுவிடும்.

எல்லாவற்றையும் தானே பார்க்கும் இந்தப் பழக்கத்தைக் கேலி செய்வது எளிது, ஆனால் நியாயமில்லை. கொழும்பில் எதையும் முன்கூட்டிப் பார்த்து வைத்தவர்களே தப்பிய காலங்கள் உண்டு. 2022 மார்ச் 31 அன்று 13 மணி நேர மின்வெட்டு. காலையில் நேர அட்டவணையைப் பார்க்காதவரின் தண்ணீர்த் தாங்கி மாலையில் காலி. எரிவாயுச் சிலிண்டர் எங்கே இறங்குகிறது என்று மணிக்கு மணி விசாரித்தவர் வீட்டில்தான் அடுப்பு எரிந்தது. பெற்றோலுக்கு வரிசை, பிறகு கியூஆர் குறியீட்டுக்குக் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்ற பங்கீடு. அந்த வருடத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பது புத்திசாலித்தனம். அந்த நெருக்கடி போய்விட்டது, விரல் மட்டும் இன்னமும் போனைத் தட்டுகிறது.

கையில் எடுத்தாலே கட்டுப்பாட்டில் இருப்பதாக நினைக்கும் இயல்பு எல்லோருக்கும் உண்டு. உளவியலாளர் எலன் லாங்கர் 1975 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு டொலர் லொத்தர்ச் சீட்டைத் தாங்களே தெரிந்தெடுத்தவர்கள் அதைத் திருப்பி விற்கச் சராசரியாக 8.67 டொலர் கேட்டார்கள். கையில் கொடுக்கப்பட்டதை வாங்கிக்கொண்டவர்கள் கேட்டது 1.96 டொலர். வெல்லும் வாய்ப்பு இரு தரப்புக்கும் ஒன்றுதான். கோட்டை நிலையத்துக்கு முன்னால் லொத்தர்ச் சீட்டுக்காரரிடம் நின்று, அடுக்கிலிருந்து எண்ணைத் தேடி எடுப்பவர்களைப் பார்த்தால் இந்த ஆய்வை விளக்கத் தேவையில்லை.

மூன்று நாள் பார்த்தல் கணக்கு

எதை விடுவது என்று யோசிப்பதற்கு முன், எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும். சீஆர் கொப்பியில் ஒரு பக்கத்தை நான்கு நிரலாகக் கோடு போடுங்கள்: நேரம், எதைப் பார்த்தேன் அல்லது கேட்டேன், என்ன கண்டேன், அதனால் என்ன மாற்றினேன். மூன்று வேலை நாட்கள் போதும். போனில் கடைக் கமெராவைத் திறந்ததும் ஒரு வரி, கேஷியரிடம் "எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்டதும் ஒரு வரி, பிள்ளையின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறந்ததும் ஒரு வரி.

நான்காவது நிரலில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலான வரிகளில் அது வெறுமையாகக் கிடக்கும். பார்த்தார், ஒன்றும் மாறவில்லை. மாற்றம் நடந்த வரிகளைச் சுற்றி வட்டம் போடுங்கள். உங்கள் கண் உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் அவை, அவற்றை விட வேண்டியதில்லை. மற்றவற்றில் எது அதிக தடவை வருகிறதோ அதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.

இந்தக் கணக்குப் பிழைப்பது இரண்டு வழியில். இரவில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் பாதி தவறிப்போகும், ஏனென்றால் பழக்கமான கை செய்வதை மனம் குறித்து வைப்பதில்லை. அடுத்தது, "மற்றவர் பிழை" என்று எழுதத் தொடங்குவது. "தம்பி பில்லைப் பிழையாகப் போட்டான்" என்பது அவருடைய கணக்கு, உங்களுடையது அல்ல. நீங்கள் பார்த்த நேரம் மட்டும் இந்தப் பக்கத்தில் வரட்டும்.

கமெராவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடைக்குக் கமெரா பூட்டியது திருட்டுக்காக. இப்போது அது இராச் சாப்பாட்டு மேசையில், சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. படம் பார்ப்பதால் எந்த முடிவும் எடுக்கப்படுவதில்லை. கேஷியர் தலையைச் சொறிந்தால்கூடச் சந்தேகம்தான் வரும். கடை மூடிய பிறகு அசைவு தெரிந்தால் வரும் எச்சரிக்கை ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு, நேரடிக் காட்சியைச் சொந்தப் போனிலிருந்து நீக்கி, கடைக் கணினியில் மட்டும் விடுங்கள். பதிவு எப்படியும் இருக்கும். பிரச்சினை வந்த அன்று திரும்பிப் பார்க்கலாம்.

நட்டத்துக்கு வரம்பு, விலைக்கு அல்ல

முடிவுகளை அவற்றைத் திருப்ப முடியுமா என்ற ஒரே கேள்வியால் பிரிக்கலாம். இலகுவில் திருப்பக்கூடியவை, செலவழித்துத் திருப்பக்கூடியவை, திருப்பவே முடியாதவை. கண்ணாடி அலுமாரியில் எந்தச் சீலையை முன்னுக்கு வைப்பது என்பது முதல் வகை. புதுக் களஞ்சியத்துக்கு வாடகை உடன்படிக்கை எழுதுவது இரண்டாவது. காணியை விற்பது மூன்றாவது. அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்துபவர் மூன்றுக்கும் ஒரே எடை கொடுப்பார். அலுமாரிக்கு அரை மணி நேரம் போகும், உடன்படிக்கையைக் கடைசி நாளில் அவசரத்தில் கையெழுத்திடுவார்.

அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது பலர் கொள்விலையை வைத்து வரம்பு போடுவார்கள்: "5,000 ரூபாவுக்கு மேல் என்னைக் கேட்க வேணும்." இது சரிவராது. 60,000 ரூபாவுக்குத் துணி எடுத்தாலும், ஏழு நாளில் திருப்பித் தரலாம் என்று மொத்த வியாபாரி ஒத்துக்கொண்டிருந்தால், பிழைத்தால் போவது லொறிக்கூலி மட்டும். முன்பின் தெரியாதவருக்கு 4,000 ரூபாவுக்குக் கடன் கொடுத்தால் 4,000மும் போகலாம். வரம்பு வைக்க வேண்டியது, முடிவு பிழைத்தால் எவ்வளவு போகும் என்பதற்கு.

ஒரு கடையின் நாள் இலாபம் சராசரியாக 20,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2,000 ரூபா வரை நட்டம் வரக்கூடிய முடிவை, கவுண்டரில் நிற்பவர் தானே எடுக்கலாம், கேட்கவோ சொல்லவோ வேண்டாம். 2,000 முதல் 10,000 வரை தானே எடுத்துவிட்டு மாலையில் கொப்பியில் ஒரு வரி எழுத வேண்டும். அதற்கு மேல் கேட்க வேண்டும், ஆனால் வெறுங்கையோடு வரக்கூடாது. "என்ன செய்ய, முதலாளி?" என்று கேட்டால் "நீ என்ன செய்வாய்?" என்பதே பதில். முதல் இரண்டு கிழமை இது இரு பக்கத்துக்கும் எரிச்சலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவரிடம்தான் நாளைக்குக் கடையைக் கொடுக்க முடியும்.

ஒரு முடிவை எடுத்து மூடுவது எப்படி

திருப்பக்கூடிய முடிவுக்குப் பத்து நிமிடம். செலவழித்துத் திருப்பக்கூடியதற்கு ஓர் இரவு, காலையில் பதில். திருப்ப முடியாததற்கு அதிகபட்சம் இரண்டு கிழமை, ஆனால் எந்தத் திகதி என்று முதல் நாளே நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும். திகதி இல்லாத யோசனை முடிவாகாது.

1978 இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற ஹேர்பேர்ட் சைமன், மனிதர் எல்லாத் தெரிவுகளையும் எடைபோட்டு மிகச் சிறந்ததைத் தேடுவதில்லை, தமக்குப் போதும் என்ற வரம்பைத் தாண்டிய ஒன்று கிடைத்ததும் நின்றுவிடுகிறார்கள் என்று விளக்கினார். இதை வேண்டுமென்றே செய்வதுதான் உறுதியாக முடிவெடுப்பதன் அடிப்படை. தேடப் போவதற்கு முன்பே "போதும்" என்பதற்கு வரம்பு போட வேண்டும், பொருளைக் கண்ட பிறகு போட்டால் வரம்பு நகர்ந்துகொண்டே போகும்.

கிராண்ட்பாஸ் பக்கம் களஞ்சியம் தேடுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். களனி ஆற்றுக்குக் கிட்டிய பள்ளமான பகுதிகளில் மழைக்கு வெள்ளம் ஏறும், துணி வியாபாரிக்கு அதைவிடப் பெரிய பயம் இல்லை. அவருடைய மூன்று நிபந்தனைகள்: தரை வீதி மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், லொறி வாசல் வரை வர வேண்டும், வாடகை இவ்வளவுக்குள் அடங்க வேண்டும். நான்காவதாக ஒன்றைச் சேர்க்க மனம் துடிக்கும், சேர்க்கக்கூடாது. மூன்றையும் நிறைவுசெய்யும் முதல் இடத்தை எடுப்பது. ஐந்து இடம் பார்த்தும் ஒன்றும் பொருந்தாவிட்டால் நிபந்தனையில் ஒன்று உண்மைக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம், பெரும்பாலும் வாடகைதான்.

எடுத்த பிறகு ஒரு துண்டில் ஐந்து வரி எழுதுங்கள். திகதி. முடிவு. அதற்கான காரணம், ஒரே வாக்கியத்தில். என்ன நடந்தால் மீண்டும் யோசிப்பேன்: உள்ளே நீர் வந்தால், அல்லது வாடகை 15 வீதத்துக்கு மேல் கூடினால். மீளாய்வுத் திகதி: ஆறு மாதம் கழித்து. அதுவரை நான்காம் வரியில் எழுதியது நடந்தால் ஒழிய அந்த விஷயத்தைத் திறப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு "அந்த மற்ற இடத்தை எடுத்திருக்கலாமோ" என்ற எண்ணம் வரும்போது இந்தத் துண்டுதான் பதில் சொல்லும். உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகும் பத்திரிகையில் வாடகை விளம்பரம் பார்ப்பவர்களுக்கு நான்காம் வரி மிகவும் அவசியம்.

யாரிடம் கேட்பது? இரண்டு பேரிடம். அதே காரியத்தை முன்பு செய்தவர் ஒருவர், முடிவின் விளைவைச் சுமக்கப் போகிறவர் ஒருவர். களஞ்சியம் என்றால், அந்தத் தெருவில் ஏற்கனவே களஞ்சியம் வைத்திருப்பவரும் தினமும் சாமான் ஏற்றி இறக்கப் போகிற நாட்டாமையும். ஏழாவது ஆளிடம் கேட்கிறீர்கள் என்றால் தேடுவது ஆலோசனையை அல்ல, பழியில் பங்கு கொள்ள ஒருவரை. அது கிடைத்தாலும் நித்திரை வராது.

உறுதி என்பது நூறு வீதம் நிச்சயம் இருப்பது என்று நினைப்பவர்கள் ஒருநாளும் முடிவெடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு துண்டிலும் "சரியாக வர வாய்ப்பு பத்துக்கு இத்தனை" என்று ஓர் எண்ணைப் போடுங்கள். ஏழு என்று போட்ட முடிவுகள் பத்துச் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். ஏழு சரியாக வந்திருந்தால் உங்கள் கணிப்பு நேராக இருக்கிறது. நான்குதான் சரி என்றால் அவசரப்படுகிறீர்கள். பத்தும் சரி என்றால் தேவைக்கு மேல் பயப்படுகிறீர்கள், அடுத்த தடவை ஏழு மனதில் தோன்றியதுமே கையெழுத்திடலாம். எல்லாவற்றையும் தாங்களே பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் இந்தக் கடைசி வகை. தங்கள் கணிப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது, ஏனென்றால் ஒருபோதும் எழுதி வைத்ததில்லை.

இன்னுமொன்று: இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் பசியோடும் முடிவெடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் வரும் "இல்லை, வேண்டாம்" பெரும்பாலும் களைப்பு.

"பாத்துச் செய்யுங்கோ" போதாது

வேலையைக் கையளிக்கும்போது எம்மவர் அதிகம் சொல்லும் இரண்டு சொல் இதுதான். அதில் எதைச் செய்வது என்பதும் இல்லை, எதுவரை என்பதும் இல்லை. செய்தவர் எப்படிச் செய்தாலும் "நான் பாத்துச் செய்யச் சொன்னனே" என்று திட்ட மட்டும் இடம் இருக்கிறது. கையளிப்பில் நான்கு விஷயம் வர வேண்டும்: என்ன முடிவு வேண்டும், எப்போதைக்கு, எவ்வளவு நட்டம் வரை அவர் பொறுப்பு, எது நடந்தால் உடனே கூப்பிட வேண்டும்.

மாலையில் காசு எண்ணி மூடும் வேலையைக் கொடுப்பது நல்ல தொடக்கம், ஏனென்றால் அதற்கு விடை ஒன்றுதான். முதல் கிழமை அவர் எண்ணுவார், நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள், வாய் திறக்க மாட்டீர்கள். இரண்டாம் கிழமை அவர் எண்ணி எழுதிய தாளை மட்டும் பார்ப்பீர்கள். மூன்றாம் கிழமையிலிருந்து சனிக்கிழமைகளில் ஒரே ஒரு தாளை மட்டும், அதுவும் எந்த நாளின் தாள் என்று முன்கூட்டிச் சொல்லாமல். பணத்தில் எண்ணுபவரும் வங்கியில் போடுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது பழைய கணக்கு வழக்கம், அதை விட்டுவிட வேண்டாம். அது யாரையும் சந்தேகிப்பதற்கு அல்ல, காசு குறைந்தால் அப்பாவி மாட்டாமல் இருப்பதற்கு.

கையளிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் பெரிய சண்டை அல்ல. அவர் அடுக்கியதை எல்லோரும் போன பிறகு மௌனமாகத் திருத்தி அடுக்குவதுதான். காலையில் வந்து பார்ப்பவர் ஒன்றும் கேட்க மாட்டார். இனி கவனமாக அடுக்கவும் மாட்டார், எப்படியும் முதலாளி மாற்றப் போகிறார். பிறகு "ஒருத்தரையும் நம்பேலாது" என்பதற்கு அதுவே ஆதாரமாகிவிடும். உங்களுக்குப் பிடிக்காததற்கும் பிழைக்கும் வித்தியாசம் உண்டு. முடிவு சரியாக வந்து, வழி மட்டும் உங்கள் வழியாக இல்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். பிழை என்றால், வாடிக்கையாளர் முன்னால் இல்லாமல், "எந்த இடத்தில பிழைச்சது?" என்று கேட்டு, அந்த இடத்துக்கு விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

விடக்கூடாதவையும் இருக்கின்றன. வங்கிக் கணக்கின் கடவுச்சொல், பெட்டகத் திறப்பு, வீட்டில் வயதானவர்களின் மருந்தளவு, எரிவாயு வால்வு. இவற்றை இரண்டு தடவை பார்ப்பது அளவுக்கு மீறியதல்ல. வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு ஐந்து ரூபாவையும் எண்ணும் அதே முதலாளி யாழ்ப்பாணம் போகும் அவசரத்தில் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகள் நாலைந்தை லாச்சியில் வைத்துவிட்டுப் போவார். அதிகாரத்தை முறையாகப் பிரித்துக் கொடுக்காதவருக்கு அது ஒன்றுதான் வழி. வங்கியில் இரண்டாவது கையெழுத்தாளர் ஒருவரைச் சேர்த்து, இத்தனை ரூபா வரை என்று எழுத்தில் கொடுத்துவிட்டால் அந்த ஆபத்தே இல்லை.

மணிக்கூட்டின்படி ஓய்வு, வேலை முடிந்த பிறகு அல்ல

"இதை முடிச்சிட்டு ஓய்வெடுக்கிறன்" என்பவருக்கு ஓய்வு வராது. கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் முடிவென்று ஒன்று இல்லை. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், கிழமைக்கு 45 மணி நேரம், கிழமைக்கு ஒன்றரை நாள் லீவு என்று வகுத்திருக்கிறது. வருட லீவு 14 நாளும் தற்செயல் லீவு 7 நாளும் அதற்கு மேல். ஊழியருக்கு இதைக் கொடுக்கும் முதலாளி தனக்கு ஒன்றும் எழுதிக்கொள்வதில்லை. அதே அளவைத் தனக்கும் எழுதிக்கொள்ளலாம்.

நாளுக்குள் என்றால், ஒன்று அல்லது ஒன்றரை மணிக்கு ஒரு தடவை எழுந்து ஐந்து முதல் பத்து நிமிடம். போனோடு உட்காருவது கணக்கில் சேராது. மதியச் சாப்பாட்டுக்கு முப்பது நிமிடம், கவுண்டரை விட்டு விலகி. பகலில் கண் அயர்ந்தால் இருபது நிமிடத்துக்குள் எழுந்துவிட வேண்டும், அதற்கு மேல் போனால் ஆழ்ந்த நித்திரையில் இறங்கி, எழும்போது தலை கனக்கும். மாலை ஆறு மணிப் பிளேன்டீயைப் பற்றி எம்மூரில் யாரும் சந்தேகப்படுவதில்லை, ஆனால் உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பதினொரு மணிக்குப் படுப்பவர் நான்கு மணியோடு தேநீரை நிறுத்துவது நல்லது. வளர்ந்தவருக்கு இரவு ஏழு மணி நேரமாவது நித்திரை வேண்டும்.

கடையை மூடும்போது மனதையும் மூட பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நாளைக்குச் செய்ய வேண்டியவை, இன்று எது எங்கே நிற்கிறது, யார் பொறுப்பு என்று எழுதுவது. 2018 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் நாளைய வேலைப் பட்டியலை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் நுணுக்கமாக இருந்தால் நித்திரையும் விரைவாக வந்தது. "வங்கி வேலை" என்று எழுதாமல் "பத்து மணிக்குள் காசோலை மூன்றையும் வைப்பிலிட வேண்டும், தம்பி போவார்" என்று எழுதுவதில் இருக்கிறது பலன்.

வேலையிலிருந்து மீள்வதை ஆராய்ந்த சபீனே சொன்னென்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் இருவரும் 2007 இல் அதற்கு நான்கு கூறுகளைச் சொன்னார்கள்: மனம் வேலையிலிருந்து விலகுவது, உடலும் மனமும் தளர்வது, வேறொன்றைப் பழகித் தேறுவது, ஓய்வு நேரத்தை எப்படிக் கழிப்பது என்று தானே தீர்மானிப்பது. நான்காவதைக் கவனியுங்கள். கட்டுப்பாட்டை விரும்புபவருக்கு அதைச் செலுத்த இடம் இருக்கிறது, ஆனால் கடைக்குள் அல்ல. மூன்றாவதும் அப்படித்தான். சும்மா உட்காரச் சொன்னால் முள்ளில் இருப்பதுபோல் தவிப்பவர்களுக்கு நீச்சல், மிருதங்கம், சமையல் என்று கற்க ஒன்று கிடைத்தால் மனம் தானாக விலகும்.

கொழும்புக்காரருக்குப் போயா ஒரு வரம். மாதம் ஒன்று நிச்சயம், நாட்காட்டியில் முன்பே இருக்கிறது, புறக்கோட்டையில் பாதிக் கடைகள் எப்படியும் பூட்டு. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக, நிலவின் நான்கு கட்டங்களில் வரும் போயா நாட்களே வாராந்த விடுமுறையாக இருந்தன. நிலவின் கால் பகுதி ஏழு நாளைவிடச் சற்று நீளம் என்பதால் லீவு நாள் கிழமைக்குள் நகர்ந்துகொண்டே போனது. வெளிநாட்டு வணிகத்தோடு ஒத்துவராமல் கடைசியில் ஞாயிறு திரும்பியது. இப்போது மிஞ்சியிருக்கும் முழுமதிப் போயாவை நீண்ட ஓய்வுக்குப் பழக்க நாளாக வைத்துக்கொள்ளலாம். விகாரமகாதேவிப் பூங்கா, கோட்டேயில் தியவன்னா ஓயாவின் நடைபாதை, காலையில் வெள்ளவத்தைக் கடற்கரை. அங்கே தண்டவாளத்தைக் கடக்கும்போது மட்டும் கட்டுப்பாடு நூறு வீதம் தேவை. வெசாக் போயாவை அமைதிக்கு நம்ப வேண்டாம், பந்தலும் தன்சலுமாக நகரமே தெருவில் நிற்கும்.

லீவைப் படிப்படியாக நீட்டுவது முக்கியம். முதலில் ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் போன் இல்லாமல். பிறகு கடை திறந்திருக்கும் ஒரு நாளில் அரை நாள். பிறகு முழு நாள். அதன் பின்தான் இரண்டு இரவு வெளியூர். எடுத்த எடுப்பில் ஒரு கிழமை நுவரெலியா போனவர் அங்கிருந்து நாளெல்லாம் கடைக்குப் போன் பண்ணுவார். வீட்டாருக்கும் ஓய்வு இல்லை, கடைக்கும் நிம்மதி இல்லை, "லீவு எனக்குச் சரிவராது" என்ற முடிவு மட்டும் உறுதியாகும்.

போகுமுன் மூன்று காரணம் சொல்லிவிட்டுப் போங்கள்: தீ, வெள்ளம், திருட்டு போன்ற ஆபத்து, யாராவது ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலை, பொலிஸ் அல்லது அரச அதிகாரி வந்தால். இவற்றுக்கு மட்டும் போன். மற்றதெல்லாம் கொப்பியில். யாருடைய சொல் கடைசிச் சொல் என்பதையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். "அண்ணை, கழிவு பத்து வீதத்துக்கு மேல கேட்டா?" "பத்தோட நிறுத்து தம்பி. அதுக்கு மேல கேக்கிறவை நாளைக்கு வரட்டும்." இவ்வளவு தெளிவு போதும்.

ஓய்வின் முதல் அரை மணி நேரம் மோசமாக இருக்கும் என்று தெரிந்துகொண்டு போவது பெரிய உதவி. கை போனைத் தேடும், மனம் படம் காட்டும். அப்போது ஒரு தாளில், என்ன நடந்திருக்கும் என்று பயப்படுகிறீர்கள், அதற்கு எத்தனை வீதம் வாய்ப்பு என்று எழுதிவிட்டுப் பதினைந்து நிமிடம் தள்ளிப் போடுங்கள். தடுக்க வேண்டாம், தள்ளினால் போதும். பெரும்பாலும் அந்தத் துடிப்பு ஏறி இறங்கிவிடும். திரும்பி வந்த பிறகு அதே தாளில் உண்மையில் நடந்ததை எழுதுங்கள். "காசு குறையும், 60 வீதம்" என்ற வரிக்கு எதிரே "குறையவில்லை" என்று சில தடவை எழுதினால், அறிவுரை செய்யாததை அந்தத் தாள் செய்யும். ஆனால் இடையில் போன் எடுத்துக் கேட்டால் அந்தத் தடவை கணக்கில் வராது. நடக்காமல் போனதற்கு உங்கள் போன்தான் காரணம் என்று மனம் சொல்லிவிடும்.

வீட்டில் இதே முறைதான், இன்னும் மென்மையாக. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடம் நாளுக்குப் பத்துத் தடவை "படிச்சியா?" என்பதற்குப் பதில், ஞாயிறு இரவு இருவருமாக உட்கார்ந்து கிழமைக்கு ஒரு தடவை பாட அட்டவணையைப் பார்ப்பது. இடையில் பிள்ளை கேட்டால் மட்டும். கலியாண வேலை என்றால் மண்டபம், சாப்பாடு, பூ என்று ஒவ்வொன்றையும் ஒருவர் பெயரில் எழுதி, வரவுசெலவு எல்லையைச் சொல்லிவிட்டு, பூவின் நிறத்தைப் பற்றிப் பிறகு வாய் திறக்காமல் இருக்க வேண்டும். சித்தப்பாமார் மூன்று பேர் இருக்கும் வீட்டில் இது சுலபமில்லை.

இந்த வழிகள் பழக்கத்துக்கானவை, நோய்க்கானவை அல்ல. பூட்டை, அடுப்பை, கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, தேவையில்லை என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை, நிறுத்தினால் தாங்க முடியாத பதற்றம் என்றால் அது வேறு. எண்ணச் சுழற்சி நோய்க்கும் (ஓசிடி) பதற்ற நோய்க்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் பேச விரும்புவதாகச் சொல்லலாம்.

லீவு முடிந்து வரும் காலையில் செய்யும் காரியம்தான் அடுத்த லீவு கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கும். உள்ளே நுழைந்ததும் காசுப் பெட்டியைத் திறக்க வேண்டாம், கமெராப் பதிவையும் ஓட்ட வேண்டாம். பொறுப்பாக இருந்தவர் முதலில் பேசட்டும், பத்து நிமிடம், இடையில் குறுக்கிடாமல். பிறகு கொப்பியை வாசியுங்கள். எங்கே அவர் தயங்கிக் காத்திருந்தாரோ அந்த இடத்தில் ஒரு விதி இல்லை, அன்றே எழுதிவிடுங்கள். அவர் எடுத்த முடிவால் வரம்புக்குள் 1,800 ரூபா நட்டம் வந்திருந்தால் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அந்த 2,000 அதற்காகத்தான் ஒதுக்கியது. வரம்பை மீறியிருந்தால் மீறிய இடத்தை மட்டும் பேசுங்கள். இரண்டு மூன்று லீவு இப்படிக் கழிந்ததும் 2,000 ஐ 3,000 ஆக உயர்த்தலாம். விலைவாசி ஏறும்போதும் உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பழைய வரம்புக்குள் ஒரு முடிவும் அடங்காமல் எல்லாப் போனும் மறுபடி உங்களுக்கே வரும்.